கதவக்கா

செருப்பைக் கழற்றிக் கதவோரம் ஒதுக்கி வைக்கிறார். பையிலிருந்து ஈரத் துண்டு ஒன்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொள்கிறார். தாழ்ப்பாளைப் போட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்க்கிறார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "ம், வரச் சொல்லுங்க" என்கிறார்.

அந்தக் கதவைச் சுற்றி வீடு கிடையாது. சுவர், கூரை, ஜன்னல் எதுவும் கிடையாது. பெரிய கூடம் ஒன்றின் நடுவே, மரச்சட்டத்தில் மாட்டி, கீழே குறுக்குக் கட்டை கொடுத்து நிறுத்திய ஒற்றைக் கதவு அது. கதவின் இரு பக்கமும் தரையில் சாக்பீஸ் கோடு நீள்கிறது, அதுதான் சுவர். கோட்டுக்கு இந்தப் பக்கம் தெரு, அந்தப் பக்கம் வீடு. வீட்டில் இருப்பது அவர் ஒருவர்தான்.

"இல்லாத வீட்டுக்குள்ள எதுக்கக்கா செருப்பைக் கழட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"வீட்டுக்குள்ள செருப்போடயா நிப்பாங்க? செருப்பு கால்ல இருந்தா வெளிய கிளம்புற ஆளோட பேச்சுதான் வரும். வெறுங்காலா நின்னாத்தான் வீட்டுக்காரி பேச்சு வரும், தம்பி."

எனக்கும் தலை நரைத்துவிட்டது. இருந்தாலும் தம்பி என்று கூப்பிட்டதில் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இது ஒரு சமூகக் கல்வி மையத்தின் பயிற்சிப் பட்டறை. மாலை வகுப்புகள், பாதியில் நின்ற படிப்பு, தடுப்பூசி, நூலகத்தில் வாசிப்பு நேரம் என்று பல காரியங்களுக்காக இந்த மையத்தின் ஊழியர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். விஷயம் தெரிந்தவர்கள்தான். ஆனால் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டச் சொன்னால் பாதிப் பேருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதற்குத்தான் இந்தக் கதவும், அதன் பின்னால் இந்த அம்மாவும். ஊழியர்கள் வைத்த பெயர் கதவக்கா. அவருக்கும் அது பிடித்துத்தான் இருக்கிறது. போனில் பேசும்போது, "கதவு பேசுறேன்" என்று ஆரம்பிக்கிறார்.

தட்டுவதற்கு முறை இருக்கிறது. விரல் முட்டியால் இரண்டு தட்டு. தட்டியதும் ஓரடி பின்னால் போய் நிற்க வேண்டும். கதவைத் திறக்கிற ஆளுக்கு வந்தவரின் முழு உருவமும் தெரிய வேண்டும், முகத்தில் மோதுகிற மாதிரி நிற்கக் கூடாது என்பது கணக்கு. முதல் நாள் காலையில் தாடி வைத்த இளைஞர் ஒருவர் தட்டினார். பதில் வரத் தாமதமானதும் பொறுக்காமல், சட்டத்தைச் சுற்றி எட்டிப் பார்த்தார்.

"அடேய்! செவத்துக்குள்ள பூந்து வர்றியே, பேயா நீ?" என்று உள்ளேயிருந்து ஒரு கூச்சல். தாடி இரண்டடி துள்ளியது. கூடமே சிரித்தது.

கதவக்கா எப்போதும் ஒரே வீட்டுக்காரியாக இருப்பதில்லை. துண்டைத் தோளில் போட்டால் அவசரக்காரி: "இப்ப நேரமில்ல, அடுப்புல வேலை கெடக்கு." துண்டைத் தலையில் கட்டினால் சந்தேகக்காரி: "எந்த ஆபீஸ்? எந்த சார்? எனக்கு எதுக்கு இதெல்லாம் சும்மா குடுக்குறீங்க?" கையில் ஒரு கரண்டி இருந்தால் எல்லாரும் பயப்படுகிற பேச்சுக்காரி. இவள் உடனே கதவைத் திறந்துவிடுவாள், அதுதான் ஆபத்து. முழங்கால் வலியில் தொடங்கி, மாடி வீட்டுக்காரரின் நாய் வரைக்கும் போவாள். பாவம், ஒரு பெண் கால் மணி நேரம் தலையாட்டிவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலேயே நன்றி சொல்லித் திரும்பிவிட்டார். முழங்காலுக்கு என்ன தைலம் தேய்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இத்தனை பேரையும் எங்கே பிடித்தார் என்று கேட்டால், பேருந்து நிலையத்தில் என்கிறார். அங்கே தவறவிட்ட பொருள்களைத் திருப்பிக் கொடுக்கிற ஜன்னலில் ரொம்ப காலம் உட்கார்ந்திருந்தவர். சனங்களின் குணம் முழுக்க அந்தக் கம்பி ஜன்னலில் வந்து நின்றது என்கிறார். "கொடைய விட்டவன்தான் தம்பி ரொம்பக் குதிப்பான். நகைய விட்டவ வாயே தெறக்க மாட்டா. சும்மா நின்னு நம்ம மூஞ்சியவே பாத்துட்டிருப்பா."

பயிற்சி சாரும் ஒருநாள் அந்த ஜன்னலில் போய் நின்றவர். பட்டறையை நடத்துகிற அவரை எல்லாரும் பயிற்சி சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள். சட்டைப் பையில் நாலு நிறத்தில் பேனா இல்லாமல் அவருக்குப் பேச்சு வராது. பேருந்தில் பையை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். பை கிடைத்துவிட்டது, ஆனால் ஜன்னல் அம்மா கொடுக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது, சீப்பு என்ன நிறம், பல் உடைந்ததா உடையாததா என்று நிற்க வைத்துக் கேட்டிருக்கிறார். சீப்பின் நிறம் தெரியாமல் சார் வியர்த்துப்போனாராம். அந்த அம்மா ஓய்வு பெற்றுவிட்டார் என்று தெரிந்ததும், சார் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார். "அந்த ஜன்னல்ல நான் பட்ட பாட்ட எங்க பிள்ளைங்களும் படணும்னு நெனச்சேன்" என்றார் சார். சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

கூடத்துச் சுவரில் பச்சை மையில் பெரிதாக எழுதியிருக்கிறது: 'வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நன்றி சொல்லித் திரும்பவும். மறுபடி அந்தக் கதவைத் தட்ட வேண்டாம்.' மையத்தின் எல்லாக் கிளைகளிலும் இந்த வாசகம் உண்டு. அதை உண்டாக்கியது கதவக்கா.

தொடக்கத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. விடாமல் தட்டுகிறவர்தான் நல்ல ஊழியர் என்று நினைத்த காலம். ஒரு பட்டறையில் ஆர்வக்கோளாறான ஆள் ஒருவர் வேண்டாம் என்ற பிறகும் தட்டினார், மறுபடியும் தட்டினார், குரலை உயர்த்திக் கூப்பிட்டார். உள்ளே சத்தமே இல்லை. சார் போய்ப் பார்த்தால், அக்கா முகம் வெளுத்து, கதவிலிருந்து தள்ளி நின்றுகொண்டிருந்தாராம். "நீங்க இந்தப் பக்கம் வந்து நில்லுங்க சார்" என்று அவரை உள்ளே நிறுத்தி, தாழ்ப்பாளைப் போட்டு, வெளியே அந்த ஆளைத் தட்டச் சொன்னார். சார் சிறிது நேரத்தில் வெளியே வந்து, பச்சைப் பேனாவை எடுத்தார்.

"தனியா இருக்கிற பொம்பளைக்கு அந்தச் சத்தம் பயத்தக் கெளப்பிரும் தம்பி. நம்மாளுங்களால யாருக்கும் அந்த பயம் வரக் கூடாது. அது என்னோட சட்டம்" என்று சுவரைக் காட்டிச் சொன்னார் அக்கா. சொல்லும்போது முகத்தில் பெருமை இருந்தது. இருக்கட்டுமே, நியாயமான பெருமைதான்.

பத்திரிகைக்கு எழுத வேண்டும் என்று நான் வந்தது பட்டறையைப் பற்றி. சார் எனக்கு ஓர் ஓரத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். அங்கிருந்து பார்த்தால் கதவின் இரண்டு பக்கமும் தெரியும். பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் தெருப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். உள்பக்கம் எனக்கு மட்டும்தான் தெரிந்தது. ஒருவர் போய் அடுத்தவர் வந்து தட்டுவதற்குள் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க ஆரம்பித்தேன், அதிலிருந்து மீளவே இல்லை. பட்டறையைப் பற்றி எழுதுவதாகச் சொன்னது அப்படியே நின்றுபோனது.

அந்த இடைவெளியில் அவர் சும்மா நிற்பதில்லை. கதவின் உள்பக்கத்தைத் துண்டால் துடைக்கிறார். கைப்பிடியைத் துடைக்கிறார். தெருப் பக்கத்தில் எத்தனையோ கை பட்டு அழுக்கேறிக் கிடக்கிறது. அதை அவர் தொடுவதில்லை. வெளியே அடுத்த ஆள் நெருங்கி வரும் காலடி கேட்டதும், தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொள்கிறார். கதவைத் திறக்காத வேடம் என்றாலும் ஒதுக்கிவிட்டுக்கொள்கிறார். தட்டுச் சத்தம் விழுந்ததும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வருகிறது. அந்த முகத்தோடுதான், "யாரு? இப்ப முடியாது, போங்க" என்று கடுகடுக்கிறார்.

முதல் நாள் சாயங்காலம் அவரும் நானும் ஒரே திசையில் நடந்தோம். வழியில் கடையில் நின்று ரொட்டி வாங்கினார். முழு ரொட்டி. "பாதி குடுன்னா இந்த ஆளு குடுக்க மாட்டேங்கிறான். பாதிய நான் திங்கிறேன், மீதி காஞ்சு போகுது. காஞ்சத எடுத்து மாடில வெச்சா காக்கா கூட வர மாட்டேங்குது, அதுங்களுக்கும் வேற வீடு இருக்கு போல" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

கணவர் பேருந்து நடத்துநராக இருந்தவர். போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. ஒரே மகன். வேறு நாட்டில் வேலை, மருமகளும் அங்கேதான். ஞாயிறு தவறாமல் வீடியோவில் கூப்பிடுகிறான். "நல்ல பிள்ளை. ஒரு வாரம் கூட விட மாட்டான். ஆனா போனை மேசை மேல மல்லாக்க வெச்சுட்டு அவன் பாட்டுக்கு வேலையப் பாப்பான். அவன் மூஞ்சி எப்படி இருக்குன்னு கேட்டா கொஞ்சம் யோசிக்கணும். அவன் வீட்டு ஃபேன் எப்படி இருக்கும்னு நல்லாத் தெரியும். ஒரு றெக்கை லேசா வளைஞ்சிருக்கு."

அவர் குடியிருப்பு வந்தது. வாசல் விளக்கில் பல்பு இல்லை. படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் சின்னச் சைக்கிள் ஒன்று சங்கிலியால் கட்டப்பட்டிருந்தது. மேலே மூன்றாவது மாடியில் எல்லா ஜன்னலிலும் துணி உலர்ந்தது. ஒன்றில் மட்டும் ஒற்றைத் துண்டு. பட்டறைத் துண்டுக்கு ஜோடி போல.

"மேல வரைக்கும் வரட்டுமாக்கா? பை கனமா இருக்கே."

"வேணாம் வேணாம். வீடு கலைஞ்சு கெடக்கு. இன்னொரு நாள் வாங்க."

சரி என்று திரும்பிவிட்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம்தானே. படியேறும் செருப்புச் சத்தம் மெதுவாக, ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று போயிற்று.

இரண்டாம் நாள் புதிய அணி ஒன்று வந்தது. இவர்களுக்கு முதல் பயிற்சி வேறு கிளையில் முடிந்துவிட்டது. அந்தக் கட்டடத்துப் படிக்கட்டில் கதவை ஏற்ற முடியாததால், கதவும் இல்லாமல் கதவக்காவும் இல்லாமல் நடந்த பயிற்சி. அதன் பிறகு இரண்டு வாரம் தெருக்களில் அலைந்துவிட்டு, அனுபவத்தைச் சொல்ல வந்திருக்கிறார்கள். அவர்களுடைய வேலையும் புதியது. தனியாக இருப்பவர்களைப் பார்த்து, புதன்கிழமைதோறும் மையத்து நூலகத்தில் ஒன்றுகூட அழைக்க வேண்டும். வருகிறவர்கள் ஏதாவது வாசிக்கலாம், பாடலாம், சும்மாவும் உட்கார்ந்திருக்கலாம். பேச்சுத் துணைக்கு ஆள் இருக்கும். அவ்வளவுதான் திட்டம்.

காலைத் தேநீருக்கு விட்டார்கள். எல்லாரும் ஜன்னலோர மேசைக்குப் போனார்கள். கதவக்கா மட்டும் தம்ளரை எடுத்துக்கொண்டு கதவுக்குப் பின்னாலேயே ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். நான் சாக்பீஸ் கோட்டுக்கு வெளியே நாற்காலியை இழுத்துப் போட்டேன். சுவரைத் தாண்டினால் திட்டுவார்.

"உங்களுக்கு ஒரு கூத்து சொல்லவா? போன வாரம் என் வீட்டுக் கதவ நெஜமாவே ஒருத்தி வந்து தட்டிட்டா."

"யாரு?"

"நம்மாளு. நம்ம மையத்து ஆளு! ரெண்டு தட்டு, நிறுத்தம். தட்டுன வெதத்துலயே தெரிஞ்சு போச்சு. ஒரு அடி பின்னால போற சத்தம் கூடக் கேட்டுச்சு தம்பி, அவ்ளோ சுத்தமா."

அவர் வீட்டுக் கதவில் வெளியே பார்க்க ஒரு துளை உண்டு. பெயிண்ட் அடித்தவன் அதையும் சேர்த்துப் பூசிவிட்டுப் போய்விட்டான். அதனால் ஆள் தெரியவில்லை, குரல் மட்டும். சின்னப் பெண்ணின் குரல். புதன்கிழமை, நூலகம், தனியாக இருப்பவர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொன்றுக்கும் பின்னால், "தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்று சேர்த்துக்கொண்டாளாம்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

தேநீரைக் குடித்து முடித்தார். தம்ளரின் அடியைப் பார்த்தார்.

"என்னத்தச் சொல்றது. வாய் தன்னால பேசிருச்சு. 'இப்ப முடியாதும்மா, வீட்ல விருந்தாளி இருக்காங்க'ன்னுட்டேன்."

நான் நாற்காலியைக் கோட்டுக்கு இன்னும் அருகே இழுத்தேன்.

"இத்தனை வருஷம் கதவுக்குப் பின்னால நின்னு முடியாது முடியாதுன்னே சொல்லிச் சொல்லி, தட்டுற சத்தம் கேட்டாலே அதுதான் வருது. சொல்லிட்டுத் தாழ்ப்பாள்ல கைய வெச்சேன். சரி, இன்னொரு தடவ கேப்பா, தெறந்துரலாம்னு. அவ என்னடான்னா, 'நன்றிம்மா, தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க'ன்னு படியெறங்கிப் போயிட்டா." அவர் சிரித்தார். "எவ்ளோ நல்லாப் பழக்கியிருக்கோம் பாருங்க. ஒரு தடவ சொன்னதும் போயிட்டா. இனிமே அந்தக் கதவுக்கு நம்மாளு யாரும் வர மாட்டாங்க. என் சட்டம்ல."

"அதுக்கென்னக்கா? நீங்களே புதன்கிழமை நூலகத்துக்குப் போயிரலாமே. இதே கட்டடம்தானே?"

"போலாம். நான் இங்க வேலை பாக்குற ஆளு தம்பி. அந்த நாற்காலில போய் உக்காந்தா, 'அட, அக்காவும் இப்படித்தானா'ன்னு ஒரு பார்வை பாப்பாங்க பாருங்க, அது ஆகாது. ஒருத்தர் வீடு தேடி வந்து கூப்பிட்டா அது வேற. கூப்பிட்டாங்க, போனேன்னு இருக்கும். நானாப் போனா…" துண்டை மடித்தார். "அவ தட்டுனப்ப எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா? யாரோ எனக்குன்னு வந்திருக்காங்கன்னு இருந்துச்சு."

"சார்கிட்ட நான் ஒரு வார்த்தை சொல்லவா?"

"வாயத் தெறக்காதீங்க. வேணும்னா பத்திரிகைல எழுதிக்குங்க. அத எவன் படிக்கப் போறான்."

பல வருஷமாக எழுதுகிறவனிடம் சொல்கிற வார்த்தையா இது? இருந்தாலும் அன்று எனக்குக் கோபம் வரவில்லை, மனசு கனத்துப்போயிருந்தது. முந்தின நாள் படிக்கட்டில் அவர் வேண்டாம் என்றதும் நான் திரும்பிய வேகம் வேறு நினைவுக்கு வந்தது.

தேநீருக்குப் பிறகு எல்லாரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். அக்கா கதவுக்குப் பின்னாலேயே இருந்துவிட்டார். ஒவ்வொருவராகத் தங்கள் தெருக்கதைகளைச் சொன்னார்கள். நாய் துரத்திய கதை, தவறான மாடிக்குப் போன கதை, உள்ளே கூப்பிட்டுத் தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துத் தரச் சொன்ன அம்மாவின் கதை. ஒருவர் ஒரு சந்தேகம் கேட்டார்: "தனியா இருக்கிறவங்க, ஆள் வந்தா சந்தோஷமா உடனே திறக்கணும்ல சார்? ஏன் திறக்க மாட்டேங்கிறாங்க?"

சார் வாயைத் திறப்பதற்குள் கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "நாற்காலி மேல கெடக்குற துணிய எடுக்கணும் தம்பி. மூஞ்சியக் கழுவணும். ரெண்டு நாளா யார்கிட்டயும் பேசாத தொண்டை, அது வேற ஒடனே வராது. அதுக்குள்ள நீங்க போயிருவீங்க."

"அருமை அக்கா" என்றார் சார். பலகையில் நீல மையில் அதை எழுதினார்: 'தயாராக நேரம் தேவை.' எழுதி அடிக்கோடும் போட்டார். என் பக்கம் திரும்பி, பார்த்தீர்களா என்பது போலத் தலையசைத்தார். நல்ல மனிதர். ஆனால் அவருக்கு எல்லாமே பலகைக்குத்தான் போகும்.

அடுத்து எழுந்தது ஒல்லியான ஒரு பெண். பையை மார்போடு கட்டிக்கொண்டு பேசினாள். "தப்பா எடுத்துக்காதீங்க சார், நான் சொல்றது சரியான்னு தெரியல" என்று ஆரம்பித்தாள்.

கதவுக்குப் பின்னால் ஸ்டூல் நகரும் சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

"ஒரு வீடு சார். மூணாவது மாடி. முடியாதுன்னு சொன்னாங்க. நான் வந்துட்டேன். ஆனா அவங்க கதவுக்கு ரொம்பக் கிட்ட நின்னாங்க. தாழ்ப்பாள் மேல கை வெச்ச சத்தம் கேட்டுச்சு. திறக்கப் போறாங்கன்னு நெனச்சேன், திறக்கல. ரெண்டு வாரத்துல எத்தனையோ வீடு ஏறி எறங்கிட்டேன், அந்த வீடு மட்டும் மனசுலயே இருக்கு. தப்பா எடுத்துக்காதீங்க, இன்னொரு தடவ போய்ப் பாக்கலாமா சார்?"

நான் சாரைப் பார்க்கவில்லை. கதவின் உள்பக்கத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா இரண்டு கையாலும் துண்டைப் பிடித்திருந்தார். இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'அது என் வீடும்மா' என்றால் முடிந்தது. சொல்லுங்களேன் என்று எனக்குள் அடித்துக்கொண்டது. அவர் வாய் திறந்து, மூடியது.

"உங்க மனசு எனக்குப் புரியுதும்மா" என்றார் சார், மென்மையாகத்தான். "ஆனா நம்ம ஆசைக்காக ஒருத்தர் கதவ மறுபடி தட்டக் கூடாது. முடியாதுன்னு அவங்க சொல்லிட்டாங்க. நீங்க செஞ்சதுதான் சரி." பச்சை வாசகத்தைக் கைகாட்டினார். அந்தப் பெண் தலையாட்டினாள். அவள் முகம் தெளியவில்லை.

அதைக் கவனித்துத்தானோ என்னவோ, சார் கையைத் தட்டி உற்சாகமாக, "வாங்க, அந்த வீட்டையே ஒருமுறை நடிச்சுப் பாத்துருவோம். எல்லாரும் பாக்கட்டும், மறுப்ப எப்படி மரியாதையா வாங்கிக்கறதுன்னு. அக்கா, நீங்க அந்த வீட்டம்மா. முடியாதுன்னு மட்டும் சொன்னாப் போதும்" என்றார்.

அக்கா செருப்பைக் கழற்றினார். துண்டை இந்த முறை தோளில் போடவில்லை, தலையில் கட்டவில்லை. மடித்து ஸ்டூலின் மேல் வைத்தார். தாழ்ப்பாளைப் போட்டார். இழுத்துப் பார்க்கவில்லை. தலைமுடியை ஒதுக்கிக்கொண்டார்.

பெண் வந்து தட்டினாள். இரண்டு தட்டு. ஓரடி பின்னால் போய் நின்றாள்.

"யாரு?"

அந்தக் குரலை நான் இரண்டு நாளில் கேட்டதில்லை. அவசரக்காரி இல்லை, சந்தேகக்காரி இல்லை, பேச்சுக்காரியும் இல்லை. கொஞ்சம் கரகரப்பாக, தாழ்வாக இருந்தது.

பெண் சொன்னாள். மையத்திலிருந்து வருகிறேன் என்று, புதன்கிழமை என்று, நூலகம் என்று. தப்பா எடுத்துக்காதீங்கம்மா என்று.

"இப்ப முடியாதும்மா. வீட்ல விருந்தாளி இருக்காங்க."

பெண் அப்படியே நின்றுவிட்டாள். அந்த வாக்கியத்தை அவள் வட்டத்தில் யாரிடமும் சொல்லவில்லை. முடியாதென்றார்கள் என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். கதவைப் பார்த்தாள். சாரைப் பார்த்தாள். சுவரிலிருந்த பச்சை வாசகத்தைப் பார்த்தாள். சார் புன்னகையோடு, ம், முடியுங்கள் என்று கையால் காட்டினார். அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

"நன்றிம்மா" என்றாள். "தொந்தரவுக்கு மன்னிச்சுக்குங்க."

திரும்பினாள். "பிரமாதம்" என்று சார் கைதட்ட ஆரம்பித்தார். மற்றவர்களும் தட்டினார்கள். அவள் இரண்டு எட்டு வைத்துவிட்டாள். உள்பக்கம் அக்கா தாழ்ப்பாளில் கை வைத்தார். அந்தக் கை அங்கேயே இருந்தது. பிறகு தாழ்ப்பாளை விட்டுவிட்டு மேலே போயிற்று. விரல்களை மடக்கி, முட்டியால், வீட்டுக்குள்ளிருந்து கதவை இரண்டு முறை தட்டினார்.

கைதட்டல் நின்றது. வெளியே காலடிச் சத்தமும் நின்றது. கதவக்கா வெறுங்காலோடு ஓரடி பின்னால் போய், முறைப்படி, பதிலுக்குக் காத்து நின்றார்.